நியூயார்க் ரீஜென்ட்ஸ் ஆங்கிலத் தேர்வு: புதிதாக வந்த மாணவருக்கு ஒரு வழிகாட்டி

நியூயார்க் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, பெரும்பாலும் பதினோராம் வகுப்பு முடியும் ஜூன் மாதத்தில், மாநிலம் நடத்தும் ரீஜென்ட்ஸ் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். ரீஜென்ட்ஸ் தேர்வுகளின் வரலாறு 1865இல் தொடங்குகிறது. ஆங்கிலத் தாளின் மூன்று பாக வடிவம் 2014 ஜூனில் வந்தது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து குவீன்ஸிலோ லாங் ஐலண்டிலோ பள்ளியில் சேரும் பிள்ளை முதலில் கேட்பது, "எந்தப் பாடத்திலிருந்து கேள்வி வரும்?" என்றுதான். எந்தப் பாடத்திலிருந்தும் வராது. பாடநூல் கிடையாது, மனப்பாடப் பகுதி கிடையாது, முக்கிய வினாக்கள் என்று எவரும் குறித்துத் தர முடியாது. அன்று கையில் கொடுக்கும் தாளில் எட்டு வாசிப்புப் பகுதிகள் இருக்கும். அவற்றைப் படித்து, அவற்றிலிருந்தே ஆதாரம் எடுத்து எழுத வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

ஆகவே இதற்கான தயாரிப்பும் வேறு மாதிரி. ஆங்கிலம் நன்றாகப் பேசும் பிள்ளைகளே இதில் இடறுவதுண்டு. அவர்கள் கேள்வியைப் பார்த்ததும் மனதில் தோன்றியதை எழுதிவிடுகிறார்கள். சுமாரான ஆங்கிலம் உள்ள பிள்ளை, எதைச் சொன்னாலும் வரி எண் காட்டிச் சொல்லப் பழகிவிட்டால் தேறிவிடுகிறது.

மதிப்பெண் கணக்கு

மொத்தம் மூன்று மணி நேரம். முதல் பாகத்தில் மூன்று வாசிப்புப் பகுதிகள்: ஒன்று கதை, ஒன்று கவிதை, ஒன்று தகவல் கட்டுரை. அவற்றின் மீது 24 கொள்குறி வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இரண்டாம் பாகத்தில் ஒரே தலைப்பில் நான்கு டெக்ஸ்ட்கள், அதாவது வாசிப்புப் பகுதிகள், தந்து, அவற்றில் குறைந்தது மூன்றைப் பயன்படுத்தி ஒரு வாதக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அதற்கு 6 வரை மதிப்பெண் போட்டு, அதை 4ஆல் பெருக்குவார்கள், ஆக 24. மூன்றாம் பாகத்தில் ஒரு பகுதி தந்து, அதை ஆராய்ந்து இரண்டு மூன்று பத்திகள் எழுதச் சொல்வார்கள். அதற்கு 4 வரை மதிப்பெண், பெருக்கல் 2; ஆக 8. எல்லாம் சேர்ந்து 56 புள்ளிகள்.

அந்த 56இல் நீங்கள் எடுத்ததை, அந்தத் தேர்வுக்கென்று வெளியிடும் மாற்று அட்டவணையைப் பார்த்து 100க்கு மாற்றுவார்கள். தேர்ச்சிக்கு 65. அட்டவணை தேர்வுக்குத் தேர்வு சற்று மாறும். சாதாரணச் சதவீதக் கணக்கும் அல்ல. 56க்கு 28 எடுத்தால் 50 என்று வீட்டில் கணக்குப் போட்டுப் பதற வேண்டாம், அந்தத் தாளுக்கான அட்டவணையைப் பாருங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது பெருக்கல். வாதக் கட்டுரை 3 என்ற நிலையிலிருந்து 4க்கு ஏறினால் நான்கு கொள்குறி வினாக்களைச் சரியாகப் போட்டதற்குச் சமம். தயாரிப்பு நேரத்தில் பாதியை இரண்டாம் பாகத்துக்கே கொடுக்கலாம். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. கொள்குறி வினாப் பயிற்சிப் புத்தகங்கள் மேசையில் குவிந்திருக்கும், கட்டுரை ஒன்றுகூட முழுதாக எழுதப்பட்டிருக்காது.

தொடங்கும் இடம்

பயிற்சிப் புத்தகம் வாங்கும் முன் மாநிலக் கல்வித்துறையின் தளத்துக்குப் போங்கள். நடந்து முடிந்த தேர்வுத் தாள்கள், விடைகள், மாற்று அட்டவணைகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். அவற்றுடன் மதிப்பீட்டு வழிகாட்டி என்ற கோப்பும் இருக்கும். ஆசிரியர்கள் தாள் திருத்தப் பயன்படுத்துவது அதுதான். அந்தத் தலைப்பில் மாணவர்கள் எழுதிய உண்மையான கட்டுரைகளை அதில் போட்டிருப்பார்கள்: 6 வாங்கியது, 5 வாங்கியது, இப்படி 1 வரைக்கும். ஏன் அந்த மதிப்பெண் என்ற விளக்கமும் பக்கத்திலேயே இருக்கும். எந்த டியூஷனும் இதைவிடத் தெளிவாகச் சொல்லித் தராது.

அதைப் படிக்க ஒரு முறை உண்டு. முதலில் தாளை எடுத்து நீங்களே ஒரு கட்டுரை எழுதுங்கள். பிறகு 3 வாங்கிய கட்டுரையையும் 4 வாங்கிய கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 6 வாங்கியதை முதலில் படித்தால் மலைப்புத்தான் மிஞ்சும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என்ன மாறுகிறது என்பதுதான் புதியவருக்கு வேண்டிய பாடம்.

ஒரு எச்சரிக்கை. மாநிலம் தன் பாடத்தரங்களைத் திருத்திவருகிறது. பத்து வருடத்துக்கு முந்தைய தாள் பயிற்சிக்கு நல்லதே. ஆனால் கடைசியாக வெளியான தாளின் அறிவுரைப் பக்கத்தையும் மதிப்பீட்டு அளவுகோலையும் படித்து, சொற்கள் ஏதேனும் மாறியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாதக் கட்டுரை

தலைப்பு எப்போதும் இரு பக்கமும் பேசக்கூடிய ஒரு கேள்வியாக இருக்கும். பயிற்சிக்காக ஒன்றை வைத்துக்கொள்வோம்: உயர்நிலைப் பள்ளிகள் காலையில் தாமதமாகத் தொடங்க வேண்டுமா? நான்கு டெக்ஸ்ட்களில் ஒன்று பதின்வயதினரின் உறக்கத்தைப் பற்றியது, இன்னொன்று பேருந்துச் செலவைப் பற்றியது, மூன்றாவது வேலைக்குப் போகும் பெற்றோரின் சிரமம், நான்காவது நேரத்தை மாற்றிப் பார்த்த ஒரு மாவட்டத்தின் அனுபவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

75 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு நிமிடம் கேள்விக்கு. என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு டெக்ஸ்ட்களைப் படித்தால் எதைத் தேட வேண்டும் என்பது தெரியும். அடுத்த 25 முதல் 28 நிமிடம் நான்கையும் படிக்க. ஓரத்தில் ஆதரவுக்குக் கூட்டல் குறி, எதிர்ப்புக்குக் கழித்தல் குறி போட்டு, ஒவ்வொரு டெக்ஸ்ட்டிலும் பயன்படக்கூடிய இரண்டு மூன்று வரிகளை அடிக்கோடிடுங்கள். வரி எண் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்.

பிறகு எந்தப் பக்கம் வாதாடுவது என்று தேர்ந்தெடுங்கள். நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்பது முக்கியமில்லை. எந்தப் பக்கத்துக்கு உங்களுக்குப் புரிந்த ஆதாரம் அதிகமாக இருக்கிறதோ அதுவே உங்கள் பக்கம். எந்தப் பக்கம் எடுத்தாலும் மதிப்பெண்ணில் வித்தியாசமில்லை. இரண்டு பக்கமும் சரி என்று நடுவில் நிற்பதுதான் ஆபத்து. தெளிவான க்ளெய்ம், அதாவது நிலைப்பாடு, இல்லாமல் மேல்நிலைக்கு ஏற முடியாது.

எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒரு சட்டகம் போடுங்கள். காரணம் ஒன்று, காரணம் இரண்டு, எதிர்த்தரப்பு ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் டெக்ஸ்ட் எண்ணும் வரி எண்ணும். மூன்று வெவ்வேறு டெக்ஸ்ட் எண்கள் அங்கே வந்துவிட்டனவா என்று இந்த இடத்திலேயே எண்ணுங்கள். மூன்றுக்குக் குறைவான டெக்ஸ்ட்களைப் பயன்படுத்திய கட்டுரைக்கு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், 3க்கு மேல் போடக் கூடாது என்பது விதி. அந்த ஒரு கவனக்குறைவில் 24இல் பாதி போய்விடும். பெயருக்கு ஒருமுறை மூன்றாவது டெக்ஸ்ட்டைத் தொட்டுவிட்டு ஓடுவதும் போதாது; அதிலிருந்து ஒரு செய்தியை எடுத்து வாதத்தில் பொருத்த வேண்டும்.

முன்னுரை நாலைந்து வாக்கியம் போதும். "கல்வி மனித வாழ்வின் கண் போன்றது" என்ற பாணியில் தொடங்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். பழமொழி, பெரியோர் பொன்மொழி, வரலாற்றுப் பீடிகை எதற்கும் இங்கே தனி மதிப்பெண் இல்லை. பிரச்சினை என்ன என்று இரண்டு வாக்கியம், பிறகு நிலைப்பாடு. "பள்ளிகள் தாமதமாகத் தொடங்குவது நல்லது" என்பது பலவீனமான க்ளெய்ம். "பேருந்து அட்டவணையை மாற்றும் செலவு இருந்தாலும், மாணவரின் உறக்கமும் வருகைப்பதிவும் மேம்படுவதால் உயர்நிலைப் பள்ளிகள் தாமதமாகத் தொடங்க வேண்டும்" என்பது வலுவானது. இரண்டு காரணம், எதிர்த்தரப்பின் நிழல், எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. அடுத்து வரும் பத்திகளின் வரிசையும் அதிலேயே இருக்கிறது.

உடல் பத்தி ஒவ்வொன்றிலும் வரிசை இதுதான்: காரணம், ஆதாரம், அந்த ஆதாரம் ஏன் காரணத்தை நிறுவுகிறது என்ற விளக்கம். புதியவர்கள் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். மேற்கோளைப் போட்டதும் வேலை முடிந்தது என்று அடுத்த மேற்கோளுக்குத் தாவுகிறார்கள். 3 வாங்கும் கட்டுரைகளில் இதுதான் திரும்பத் திரும்பக் காணும் குறை. ஒவ்வொரு மேற்கோளுக்குப் பின்னும் குறைந்தது இரண்டு வாக்கியம் உங்கள் சொந்த வாக்கியமாக இருக்கட்டும். மேற்கோள் ஒரு வரி, ஒன்றரை வரிக்குள் நிற்கட்டும். முழுக்க முழுக்க டெக்ஸ்ட்டிலிருந்து பெயர்த்து எழுதிய கட்டுரைக்கு 0.

எடுத்தது எங்கிருந்து என்பதை அடைப்புக்குள் காட்ட வேண்டும்: டெக்ஸ்ட் 1, வரிகள் 14–16 என்பது போல. படமோ வரைபடமோ ஆனால் டெக்ஸ்ட் 2, கிராஃபிக். சொந்தச் சொல்லில் மாற்றி எழுதினாலும் காட்டியே ஆக வேண்டும். மேற்கோள் குறி இருந்தால்தான் எண் வேண்டும் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.

எதிர்த்தரப்புக்கு ஒரு பத்தி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அளவுகோலில் நேரடியாக எழுதியிருக்கிறது: உங்கள் நிலைப்பாட்டை மற்ற நிலைப்பாடுகளிலிருந்து வேறுபடுத்திக் காட்ட வேண்டும். "சிலர் செலவாகும் என்கிறார்கள், ஆனால் அது தவறு" என்று ஒரு வரியில் முடித்தால் அது வேறுபடுத்தல் அல்ல. செலவைப் பற்றி டெக்ஸ்ட் 2 சொல்வதை நியாயமாக எடுத்துக்காட்டி, டெக்ஸ்ட் 4இல் வரும் மாவட்டம் அந்தச் செலவை எப்படிச் சமாளித்தது என்று காட்டிப் பதில் சொல்லுங்கள். எதிர்வாதத்தை விரித்து எழுதிவிட்டுப் பதிலை மறந்துவிடும் கட்டுரைகளும் உண்டு. அவை எந்தப் பக்கம் நிற்கின்றன என்றே புரிவதில்லை.

முடிவுரை இரண்டு மூன்று வாக்கியம். கடைசி ஐந்து நிமிடம் பிழை பார்க்க.

சொந்த அனுபவம் மட்டும் எழுதி, டெக்ஸ்ட்களைத் தொடாமல் விட்டால் 1க்கு மேல் கிடையாது. "என் பள்ளியில்", "எங்கள் ஊரில்" என்று தொடங்கும் வாக்கியம் வந்தால் பேனாவை நிறுத்துங்கள்.

மூன்றாம் பாகம்: பகுப்பாய்வு

இங்கே கேட்பது இரண்டே. பகுதியின் மையக் கருத்து என்ன? எழுத்தாளர் கையாண்ட ஒரு உத்தி அந்தக் கருத்தை எப்படி வளர்க்கிறது? உத்திகளின் பட்டியலைத் தாளிலேயே உதாரணமாகத் தருவார்கள்: பாத்திரப் படைப்பு, முரண், உருவகம், உவமை, முரண்நகை, பார்வைக் கோணம், களம், அமைப்பு, குறியீடு, தொனி முதலியவை. ஒன்றே ஒன்று எடுத்தால் போதும். மூன்றைத் தொட்டு எதையும் ஆராயாமல் விடுவது வழக்கமான பிழை.

உத்தியைத் தேர்ந்தெடுப்பதில் சிறு தந்திரம் உண்டு. பட்டியலில் தீம், அதாவது கருப்பொருள், என்ற சொல்லும் இருக்கலாம், அதைத் தொடாதீர்கள். மையக் கருத்தும் தீமும் ஒன்றோடொன்று கலந்துவிடும், பத்தி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். கதையாக இருந்தால் பாத்திரப் படைப்பும் முரணும் பாதுகாப்பானவை, ஏனென்றால் கிட்டத்தட்ட எல்லாக் கதையிலும் அவை உண்டு, ஆதாரமும் எளிதில் சிக்கும். குறியீடு அழகாக அமையும், ஆனால் பகுதியில் உண்மையிலேயே இருக்க வேண்டும்.

ஒரு சின்ன மாதிரி. கிழவர் ஒருவர் வாரந்தோறும் ஒரு சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறார். அது இறந்துபோன மகனுடையது என்பது நடுவில் தெரிகிறது. கடைசியில் அதைப் பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் கொடுக்கிறார். இதற்கு மையக் கருத்து "துயரம்" என்று ஒற்றைச் சொல்லாக எழுதினால் அது தலைப்புதான். "துயரத்தைப் பூட்டி வைப்பதைவிட மற்றொருவரோடு பகிர்ந்துகொள்ளும்போதுதான் மனிதர் அதிலிருந்து வெளிவர முடிகிறது" என்பது கருத்து. முழு வாக்கியமாக வர வேண்டும். அடுத்து உத்தி: "எழுத்தாளர் குறியீட்டைப் பயன்படுத்தி வாசகரின் ஆர்வத்தைத் தூண்டுகிறார்" என்பது எந்தக் கதைக்கும் பொருந்தும் வெற்று வரி. ஓடாத சைக்கிளைத் தொடக்கத்தில் அவர் துடைப்பது நின்றுபோன வாழ்வையும், சிறுமி அதில் ஏறி ஓட்டிச் செல்வது அந்த நிலை உடைவதையும் காட்டுகிறது என்று இரண்டு இடத்தை எடுத்து, நடுவில் என்ன மாறியது என்று எழுதுங்கள். தொடக்கத்திலிருந்து ஒரு ஆதாரம், முடிவிலிருந்து ஒரு ஆதாரம் என்ற இந்த ஏற்பாடு பெரும்பாலான பகுதிகளுக்கு ஒத்துவரும்.

கதைச் சுருக்கம் எழுதாதீர்கள் என்று கேள்வியிலேயே சொல்லியிருப்பார்கள். "பிறகு", "அதன் பின்" என்று தொடங்கும் வாக்கியங்கள் மூன்று அடுத்தடுத்து வந்தால் சுருக்கத்துக்குள் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். 35 நிமிடம் போதும்.

முதல் பாகம்: கொள்குறி வினாக்கள்

இதற்கு 55 நிமிடம். பெரும்பாலான வினாக்கள் வரி எண்ணோடு வரும்: இந்த வரிகள் எதற்காக வருகின்றன, இந்தச் சொல் இங்கே என்ன பொருள் தருகிறது, இந்த உருவகம் எதைப் புலப்படுத்துகிறது. நினைவிலிருந்து விடை போடாதீர்கள். குறித்த வரிக்கு மூன்று வரி முன்னாலும் மூன்று வரி பின்னாலும் திரும்பப் படியுங்கள்.

தவறான விடைகள் சில வகையில் அமைகின்றன. உலகத்தில் உண்மை, ஆனால் பகுதியில் இல்லாதது. பகுதியில் உள்ளது, ஆனால் கேட்ட வரிகளில் இல்லாதது. முன்பாதி சரி, பின்பாதி தவறு. இந்த மூன்றில் இரண்டாவதுதான் நன்றாகப் படிக்கும் பிள்ளையையும் விழவைக்கும்.

சொல்வளத்தில் முதலில் கற்க வேண்டியவை கேள்வியில் வரும் சொற்கள். கான்வே (உணர்த்து), எம்ஃபசைஸ் (வலியுறுத்து), ஃபோர்ஷாடோ (வரப்போவதை முன்பே உணர்த்து), கான்ட்ராஸ்ட் (வேறுபடுத்து), இம்ப்ளை (மறைமுகமாகச் சொல்), எஸ்டாப்ளிஷ் (நிறுவு) ஆகிய வினைகள் தெரியாவிட்டால் பகுதி புரிந்தும் கேள்வி புரியாது. தொனியைக் குறிக்கும் நாஸ்டால்ஜிக் (பழைய நினைவில் ஏங்கும்), ஸ்கெப்டிக்கல் (சந்தேகப்படும்), டிடாச்ட் (ஒட்டாமல் விலகி நிற்கும்), ரெவரென்ட் (பயபக்தியான) போன்ற சொற்களையும் சேர்த்து நாற்பது ஐம்பது சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று பழைய தாள்களிலிருந்தே திரட்டிவிடலாம்.

கவிதையை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை வரி முடிவில் நிற்காமல், வாக்கியம் முடியும் இடத்தில் நின்று படிக்க வேண்டும். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

மொழிப் பிழைகள்

கட்டுரைக்கு இலக்கணத்துக்கென்று தனி மதிப்பெண் இல்லை. நான்கு அளவுகோல்களில் அது ஒன்று. 4 என்ற நிலையில் பொருளைக் கெடுக்காத பிழைகள் ஆங்காங்கே இருக்கலாம் என்று அளவுகோலே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே எல்லாப் பிழையையும் துரத்த வேண்டாம். தமிழ் பேசும் பிள்ளைகளிடம் அதிகம் வருவன மூன்று. பெயர்ச்சொல்லுக்கு முன் வர வேண்டிய 'எ', 'தி' விட்டுப்போவது. ஒருமை எழுவாய்க்கு நிகழ்கால வினையில் சேர வேண்டிய 'எஸ்' விட்டுப்போவது. நம் எச்சத் தொடர்போல வாக்கியத்தைக் காற்புள்ளி போட்டுக் காற்புள்ளி போட்டு நீட்டுவது. மூன்றாவது மோசமானது, பொருளே குழம்பிவிடும். இரண்டு வரியைத் தாண்டும் வாக்கியத்தை உடைத்துவிடுங்கள்.

எட்டு வாரத் திட்டம்

முதல் வாரம் ஒரு முழுத் தாளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் எழுதுங்கள். அடுத்த மூன்று வாரமும் வாரத்துக்கு ஒரு வாதக் கட்டுரை, எழுதியதும் வழிகாட்டியில் உள்ள மாதிரிகளோடு ஒப்பீடு. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் மூன்றாம் பாகம், வாரத்துக்கு இரண்டு. ஏழாம் வாரம் மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து ஒரு முழுத் தாள், கையால், பேனாவால். கணினியில் தட்டிப் பழகிய விரலுக்கு மூன்று மணி நேரம் எழுதுவது வலிக்கும். அது தேர்வன்று தெரியக் கூடாது. கொள்குறி வினாக்களை எட்டு வாரமும் நாளுக்கு ஒரு வாசிப்புப் பகுதியாகச் செய்துகொண்டே வரலாம்.

தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

கட்டுரைகளைப் பேனாவில் எழுத வேண்டும். கைபேசியை வீட்டில் வைத்துவிடுங்கள், அல்லது பள்ளி சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள். தேர்வு நேரத்தில் தகவல் தொடர்புக் கருவி உங்களிடம் இருந்தாலே தாள் செல்லாது. எவ்வளவு சிறிது நேரம் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். ஸ்மார்ட் வாட்சையும் கழற்றி வையுங்கள். மூன்று பாகங்களையும் எந்த வரிசையிலும் செய்யலாம். நேரம் போதாமல் தவிக்கும் பிள்ளை இரண்டாம் பாகத்தை முதலில் முடிப்பது நல்லது.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை ஆங்கிலம் கற்கும் மாணவர் என்று பள்ளியில் பதிவாகியிருந்தால் சில சலுகைகள் உண்டு: ஒன்றரை மடங்கு வரை நேரம், தனி அறை, சொல்லுக்குச் சொல் மட்டும் தரும் இருமொழி அகராதி. பொருள் விளக்கம் உள்ள அகராதிக்கு அனுமதியில்லை. இவை தானாக வந்து சேரும் என்று இருக்காதீர்கள். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரிடம் ஒரு மாதம் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். அகராதியைத் தேர்வன்று முதல்முறை திறந்தால் நேரம்தான் வீணாகும், பயிற்சித் தாள்களோடு அதையும் பழகுங்கள்.

உங்கள் கட்டுரையை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாக மதிப்பிடுவார்கள். ஒன்றுக்கு மேல் வேறுபாடு வந்தால் மூன்றாமவர் பார்ப்பார். 65 வரவில்லையென்றால் மீண்டும் எழுதலாம். ஜனவரி, ஜூன், ஆகஸ்ட் என்று வருடத்துக்கு மூன்று வாய்ப்பு. ஒன்பதாம் வகுப்பிலோ அதற்குப் பிறகோதான் முதன்முதலாக அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்த ஆங்கிலம் கற்கும் மாணவர் 55 முதல் 59 வரை எடுத்திருந்தால், சில நிபந்தனைகளோடு மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. பள்ளி ஆலோசகரிடம் மேல்முறையீடு என்றே பெயர் சொல்லிக் கேளுங்கள், பல பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உயர்நிலைப் பள்ளி டிப்ளமாவுக்கு ரீஜென்ட்ஸ் தேர்ச்சி கட்டாயம் என்ற விதியை 2027–28 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிடும் திட்டத்தையும் மாநிலக் கல்வித்துறை அறிவித்திருக்கிறது. உங்கள் பிள்ளை எந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தது, அதற்கு எந்த விதி பொருந்தும் என்பதையும் அதே சந்திப்பில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.